முத்தோன் ரோத்ஷில்ட்: பிக்காசோ படத்துக்கா இந்த விலை?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "முத்தோன் ரோத்ஷில்ட் ஒயின் பாட்டிலில் பிக்காசோ, டாலி எல்லாம் படம் வரைந்திருக்கிறார்களாமே. அந்தப் படத்துக்குத்தானே இவ்வளவு விலை? உள்ளே இருப்பது புளித்த திராட்சைச் சாறுதானே?" படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, குறும்பாகக் கேட்டாலும் பாதி சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

நான் குடிப்பவனல்ல என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பொருளை விளைவிப்பவர் யார், அடைத்து முத்திரை குத்துபவர் யார் என்பதுதான் என் பைத்தியம். தேயிலை ஏலம் பற்றிய பேச்சிலும் இதையேதான் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சில் பொர்தோ நகருக்கு வடக்கே, மெதோக் பகுதியில், போயாக் என்ற ஊரில் இருக்கிறது இந்தத் தோட்டம். சரளை மண். பெரும்பகுதி காபெர்னே சோவிஞோன் திராட்சை. 1853இல் நத்தானியேல் ரோத்ஷில்ட் இதை வாங்கினார். 1922இல் அவருடைய கொள்ளுப்பேரன் பிலிப் பொறுப்பேற்றபோது வயது இருபதுதான்.

அப்போது அங்கே நடைமுறை என்ன? தோட்டக்காரர் ஒயினைப் பீப்பாயோடு விற்றுவிடுவார். பொர்தோ நகரத்து வணிகர் அதைத் தம் கிடங்கில் வைத்திருந்து, தாமே பாட்டிலில் அடைத்து விற்பார். கறந்த இடத்தில் நன்றாக இருந்த பால் நம் வாசலுக்கு வரும்போது என்னவாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதுப் பிலிப் 1924இல் ஒரு முடிவெடுத்தார்: இனி எல்லாவற்றையும் தோட்டத்திலேயே அடைப்போம். நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். படம் யார் வரைந்தார் என்பதல்ல, பாட்டிலை யார் அடைத்தார் என்பது.

எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. முதிரும்வரை பீப்பாய்கள் தோட்டத்திலேயே கிடக்க வேண்டும், இடம் போதவில்லை. அதனால் 1926இல் நூறு மீட்டர் நீளத்தில் ஒரு பீப்பாய்க் கூடம் எழுந்தது. பாட்டில் தம்முடையது என்றானபின் லேபிளும் தம்முடையதுதானே? 1924ஆம் ஆண்டு ஒயினுக்கு ழான் கார்லு என்ற சுவரொட்டிக் கலைஞரை வரையச் சொன்னார். அதன்பின் 1945இல்தான் வழக்கமாயிற்று. அந்த ஆண்டின் லேபிளில் போர் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்து. பிலிப்பின் மனைவி ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்ததும் அதே 1945இல்தான்.

அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு கலைஞர்: டாலி, மிரோ, ஷகால், வார்ஹோல். 2009க்கு மும்பையில் பிறந்த அனீஷ் கபூர். கூலி பணமாக அல்ல, பெட்டி பெட்டியாக ஒயின்! 1993ஆம் ஆண்டு ஒயினுக்குப் பால்தூஸ் என்ற ஓவியர் வரைந்த ஆடையற்ற சிறுமியின் படத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே படமிருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு விற்றார்கள். சேகரிப்பவர்களுக்கு இப்போது இரண்டும் வேண்டும். இந்த இடத்தில் நேயர் சொல்வது சரி: படத்துக்காக வாங்குகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் விலையின் வேர் இன்னும் பழையது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் பொர்தோ தரகர்கள் ஒரு தரப்பட்டியல் போட்டார்கள். சுவைத்துப் பார்த்துப் போட்ட பட்டியல் இல்லை அது. எந்தத் தோட்டத்து ஒயின் சந்தையில் என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பார்த்துப் போட்டது. விலை தரத்தை நிர்ணயித்தது, பிறகு அந்தத் தரமே விலையை நிர்ணயிக்கத் தொடங்கியது. அதில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓபிரியோன் முதல் தரம். முத்தோன் இரண்டாம் தரம். "முதலாவதாக முடியாது, இரண்டாவதாக மனமில்லை, நான் முத்தோன்" என்று வீறாப்பாக ஒரு வாசகம் வைத்துக்கொண்டார்கள். பிலிப் விடாமல் மன்றாடி, 1973இல் வேளாண் அமைச்சராக இருந்த ழாக் ஷிராக்கின் கையெழுத்தோடு முதல் தரம் வாங்கினார். அந்தப் பட்டியலில் ஒரு தோட்டம் தரம் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

வேடிக்கை என்னவென்றால், பிக்காசோ படம் ஒட்டியதும் அதே 1973இல் விளைந்த ஒயினில்தான். ஏப்ரலில் பிக்காசோ இறந்தார். தோட்டத்தின் அருங்காட்சியகத்தில் இருந்த அவருடைய பழைய ஓவியம் ஒன்றை அஞ்சலியாக லேபிளில் போட்டார்கள். பட்டமும் பிக்காசோவும் ஒரே ஆண்டில் வந்தும், பொர்தோவில் அந்த ஆண்டு விளைச்சல் சுமார்தான்.

ஆக, நேயருக்குப் பதில்: படத்துக்காக என்றால் 1973ஐ வாங்குங்கள். குடிப்பதற்கென்றால் 1982, 1986 என்று விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். கடையில் இரண்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பாதி பதில் அந்த வித்தியாசத்திலேயே கிடைத்துவிடும்.