புண் கணுக்காலில், கசிவு தொடையில்

வணக்கம். இரணைமடுப் பக்கம் வரம்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர்களில் சிலருக்குக் கெண்டைக்காலில் நீல நிறத்தில் ஏதோ புடைத்து நெளிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘நரம்பு சுருண்டு போச்சு’ என்போம். அது நரம்பு இல்லை, சுருள்நாளம். நாடி, நாளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் நாளம். காலில் இறங்கிய இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிற குழாய்.

கிணற்றில் மோட்டார் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழாயின் அடியில் புட்வால்வ் பழுதானால் ஏறின தண்ணீர் திரும்பவும் கீழே இறங்கிவிடும். நாளத்துக்குள்ளும் அப்படி வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. மோட்டார் வேலையைச் செய்வது கெண்டைக்காலின் தசை. வால்வு கசிந்தால் இரத்தம் கீழே தேங்கி, தோலுக்கு அடியிலுள்ள நாளங்கள் வீங்கிச் சுருளும். பரம்பரை, பிள்ளைத்தாய்ச்சிக் காலம், உடற்பருமன், நாள் முழுக்க நின்று செய்யும் வேலை எல்லாம் இதைக் கூட்டும்.

பின்னேரமானால் கால் கனக்கும், வீங்கும். பிறகு கணுக்காலுக்கு மேலே உட்பக்கத் தோல் கடித்துக் கறுக்கும். அந்தக் கறுப்பைச் சொறி என்று எண்ணிக் களிம்பு பூசுகிறவர்கள்தான் அதிகம். அடுத்தது புண்.

மாதக்கணக்காக மருந்து கட்டியும் ஆறாத காலோடு ஒரு அம்மா என்னிடம் வந்தார். மஞ்சள், பச்சிலை எல்லாம் பார்த்தாயிற்று. புண்ணைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவரை எழுந்து நிற்கச் சொல்லித் தொடையை ஒருவரும் பார்க்கவில்லை. கசிவு அரைப்பக்கத்தில், தோலுக்கு அடியிலுள்ள நாளம் உள்ளே தசைக்கு நடுவே ஓடும் ஆழ்நாளத்தோடு சேரும் இடத்தில் இருந்தது.

அதைக் காட்டுவது டொப்ளர் ஸ்கான், ஒலியலையால் நாளத்துக்குள் இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது. ஊசியில்லை, நோவில்லை. வன்னியில் இதை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஷெல் துண்டு பட்ட கால்கள், எலும்பு முறிந்து நாட்கணக்கில் படுத்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! அவர்களில் சிலருக்கு உள்ளே ஆழ்நாளத்தில் இரத்தம் கட்டிபட்டு அடைத்திருக்கலாம். அப்படியென்றால் வெளியே புடைத்திருப்பதுதான் மாற்றுப்பாதை. ஸ்கான் பார்க்காமல் அதை அடைக்கக் கூடாது.

சிகிச்சைக்குக் காலை நீளமாகக் கிழிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். விறைப்பு ஊசி போட்டு, மெல்லிய கம்பியை நாளத்துக்குள் விட்டு, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் அதை மூடலாம். நுரை மருந்து ஏற்றியும் மூடலாம். இவை கிடைக்காத இடத்தில் பழைய சத்திரசிகிச்சையும் நல்லதுதான். நாளத்தை மூடினால் இரத்தம் எங்கே போகும் என்று கேட்பார்கள், ஆழ்நாளம் பார்த்துக்கொள்ளும்.

இறுக்கமான காலுறை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், புண்ணும் ஆற உதவும், ஆனால் பழுதான வால்வைத் திருத்தாது. எங்கள் வெயிலில் அதைப் போடுவது பெரிய பாடு, அதுவும் உண்மை. சீனி வருத்தம் உள்ளவர்கள் பாத நாடித்துடிப்பைப் பார்ப்பித்த பிறகே போட வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுருள்நாளம் வெடித்து இரத்தம் பாய்ந்தால் ஆளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, துணியால் அந்த இடத்திலேயே அழுத்துங்கள். மேலே கயிறு போட்டுக் கட்ட வேண்டாம், இரத்தம் இன்னும் கூடுதலாகத்தான் பாயும்.