கொடியா, பாயா? – பாய் அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, பந்தி பரிமாறும் நேரம் நெருங்கியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

"தமிழ்க் கடலோர வரலாற்றில் விஞ்சி நிற்பது வேந்தரின் கொடியே" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். இல்லை, விஞ்சி நிற்பது வணிகனின் கப்பற்பாயே என்பது எங்கள் அணியின் கட்சி. அவர் ராஜேந்திர சோழனைக் கப்பலேற்றியபோது நானும்தான் கைதட்டினேன். 1025-இல் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி'க் கடாரம் கொண்டான், அதாவது இன்றைய மலேசியாவின் கெடா. அவன் வெற்றிகளைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியே சொல்கிறது, மறுக்க நான் யார்? ஆனால் ஐயா, அதே மெய்க்கீர்த்தியை இன்னும் நாலு வரி படித்திருக்கலாமே! அங்கிருந்து என்ன கிடைத்ததாம்? விச்சாதிரத் தோரணம், மணிப் புதவம், கனமணிக் கதவம். போனான், அடித்தான், வாசலைக் கழற்றிக்கொண்டு திரும்பினான். அங்கேயே நிலைத்து ஆண்டானா? இல்லை.

படை போவதற்கு முன்னால் அந்தக் கடலில் யாருமே இல்லையா? 1006 வாக்கில், சுமத்ராவையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுகிறது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுக்கிறான். கடல் கடந்து வந்து ஒருவன் இங்கே புத்த விகாரம் கட்டுகிறான் என்றால், கும்பிட ஆள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? காற்று திரும்பும்வரை துறையில் காத்துக் கிடந்த வணிகனும் மாலுமியும்தான் அந்த ஆள். நடுவில் சண்டை வந்தது, போனது. 1090-இல் குலோத்துங்கன் அதே விகாரத்தின் ஊர்களுக்கு வரிச்சலுகை தருகிறான், அதுவும் கடாரத்து அரசன் கேட்டு! படையெடுத்த பகை இரண்டொரு தலைமுறையில் ஆறிப்போயிற்று. வியாபாரம் ஆறவில்லை.

அதே காலத்தில் சுமத்ராவுக்குப் போவோம். பாருஸ், கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1010, மாசி மாதம். நம் கணக்கில் 1088. நட்டவர்கள் யார்? திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. வேளாபுரத்தில் கூடி முடிவெடுக்கிறார்கள்: கப்பல் வந்தால் மரக்கல நாயனும், அதாவது கப்பல் தலைவனும், உடன் வந்தவர்களும் கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்ட தொகையைப் பொன்னாகக் கட்ட வேண்டும், கட்டிய பிறகுதான் விரித்த துணியில் கால் வைத்து உள்ளே வரலாம். நடுவர் அவர்களே, இந்தக் காட்சியைக் கொஞ்சம் பாருங்கள். கரையில் துணி விரித்திருக்கிறது. கப்பல்காரன் உப்புக் காலோடு நிற்கிறான். எதிரே தராசு. வரி விதிப்பவன் வணிகன், வாங்குபவன் வணிகன், கடைசியில் அறத்தை மறக்காதே, அறமே துணை என்று எழுதி வைப்பவனும் வணிகன். அரசாங்கம் செய்கிற வேலை மொத்தத்தையும் ஒரு வியாபாரிகள் சங்கம் செய்து முடித்திருக்கிறது. சோழன் பெயரை எழுத வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு வரவில்லை.

"வேந்தன் துணை இல்லாமல் வணிகமா?" என்று கேட்டார்கள். துணை செய்தான், ஒப்புக்கொள்கிறேன். குலோத்துங்கனுக்கு என்ன பட்டம்? சுங்கம் தவிர்த்த சோழன். வணிகனுக்கு ஒரு மன்னன் செய்த ஆகப்பெரிய உதவி, அவன் மடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டதுதான்!

பிறகு எதிரணியில் ஒருவர் வ.உ.சி.யை இழுத்தார். அரசு பகைத்ததால்தானே சுதேசிக் கப்பல் கம்பெனி கவிழ்ந்தது, ஆகவே அரசே பெரிது என்றார். நல்ல கேள்வி, இதை நான் தாண்டிப் போகப் போவதில்லை. 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய கம்பெனி அது. மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி. கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார்கள், ஏறுகிறவனுக்குக் குடைகூட இலவசம். அப்படியும் அடங்காததால் 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சரி ஐயா, கவிழ்த்தது அரசுதான். நான் கேட்பது, மிதக்க விட்டது யார்? கவிழ்த்தவன் பெயரிலா வரலாறு எழுதுவீர்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு கல்லோடு முடிக்கிறேன். சோழ மரபின் கடைசி மன்னன் மூன்றாம் ராஜேந்திரன். அவனைப் பற்றிய பேச்சு 1279-ஓடு நின்றுபோகிறது. கொடி இறங்கிவிட்டது. 1281 சித்திரையில், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல் வெட்டுகிறார். அடியில் ஒரு வரி சீன எழுத்து. யார் நலனுக்காக? அன்று சீனாவை ஆண்ட மங்கோலிய மன்னன் செகசை கான் திருமேனி நன்றாக இருக்க, அந்தக் கானின் ஆணையின்படி! "சோழன் போனால் என்ன, பாண்டியன் இருந்தானே" என்று அங்கே முணுமுணுப்பது கேட்கிறது. இருந்தான், மதுரையில் இருந்தான். அடுத்துப் பேச வரும் நண்பர் அந்தக் கல்லில் பாண்டியன் பெயரைக் காட்டட்டும். காட்டிவிட்டால் இந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே அவர் அணியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.