உருக்காலைக்கு அனுப்பும் முன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மறுசுழற்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது குப்பைத்தொட்டிதான். இன்று அதைப் பொருளாதாரக் கணக்காகப் பார்க்க விரும்புகிறேன்.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் அலுமினியம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 4 டன் பாக்சைட் தாதுவைத் தோண்டியெடுத்து, அதிலிருந்து 2 டன் அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடைப் பிரித்து, பின்னர் மின்சாரம் பாய்ச்சி உலோகத்தைப் பிரிக்கும் மின்பகுப்புக் கலன்களில் 13,000 யூனிட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைச் செலவிட வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பதற்கோ புதிதாக எடுக்கும் ஆற்றலில் 5 விழுக்காடு அளவே போதும். சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் ஆகும் செலவு குறைவதோடு, அலுமினா ஆலைகள் தேக்கிவைக்கும் சிவப்புச் சேறு என்னும் கழிவும் குறைகிறது.

எல்லாப் பொருளும் இப்படி ஒத்துழைப்பதில்லை. காகிதத்தின் இழைகள் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகி, 5 முதல் 7 சுற்றுகளுக்குள் வலுவிழந்துவிடுகின்றன. பழைய கார்களை நொறுக்கி உருக்கும்போது மின்கம்பிகளிலும் மோட்டார்களிலும் உள்ள செம்பு எஃகில் கலந்துவிட்டால், அதைப் பிரித்தெடுக்க ஆலைகளுக்கு நடைமுறையில் வழியில்லை. மீண்டும் கார்த் தகடாகியிருக்க வேண்டிய எஃகு, கட்டடக் கம்பியாகத் தரமிறங்குகிறது.

இங்கேதான் மறுபயன்பாடு முன்னுக்கு வருகிறது. 1976ஆம் ஆண்டு ஆய்வாளர்களான வால்டர் ஸ்டாகெலும் ஜெனவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்கு அளித்த ஆய்வறிக்கை, தொழில்துறை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு எஃகு, சிமெண்ட் போன்ற அடிப்படைப் பொருள்களை உண்டாக்குவதற்கே போகிறது என்றும், மனித உழைப்போ அதற்கு நேர்மாறாக, அப்பொருள்களைப் பண்டங்களாக்கும் கட்டத்தில்தான் மிகுதியாகச் செலவாகிறது என்றும் எடுத்துக்காட்டியது. இதன் உட்பொருளை நாம் போதிய அளவு உணரவில்லை என்பேன். ஓர் இயந்திரத்தை உருக்கினால் உலோகம் மட்டுமே மிஞ்சும். அதில் கடைந்தும் பொருத்தியும் சேர்த்த வேலை முழுவதும் உலையிலேயே கரைந்துபோகும். தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றினால் உலோகமும் நிற்கும், வேலையும் நிற்கும். பழுதுபார்ப்பவருக்குக் கூலியும் கிடைக்கும். ஆற்றலுக்குப் பதிலாகக் கைத்திறனுக்குப் பணம் செல்லும் இந்த ஏற்பாடே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவு. பேட்டரியைப் பசையால் ஒட்டிய ஒரு கைபேசியைப் பிரித்துப் பாருங்கள். மூடியைச் சூடேற்றி இளக்கி, திரை விரிசல் காணாமல் நெம்பி, பேட்டரி வளையாமல் உரித்தெடுக்க வேண்டும்; வளைந்தால் தீப்பிடிக்கலாம். இரண்டு திருகாணிகள் இருந்திருந்தால் சில நிமிட வேலை. குப்பையின் அளவு பெரும்பாலும் வடிவமைப்பாளரின் வரைபட மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்று நான் கருதுவது இதனால்தான். பிரான்சு 2021 முதல் கைபேசி, மடிக்கணினி போன்ற சில சாதனங்களுக்கு, அவற்றை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்று காட்டும் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரி விதிமுறையும், சில விலக்குகளோடு, பயனரே கழற்றத்தக்க பேட்டரிகளை 2027 முதல் கோருகிறது.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். இன்று எழும் கட்டடத்தின் எஃகு பல பத்தாண்டுகளுக்குப் பிறகே உலைக்குத் திரும்பும். தேவை ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருக்கும்வரை, பழைய இரும்பு முழுவதையும் ஒரு துண்டு விடாமல் திரட்டினாலும் சுரங்கத்தை மூட முடியாது. ஆகவே திரட்டும் விழுக்காட்டை மட்டும் காட்டிப் பெருமைப்படும் அறிக்கைகளிடம், அப்பண்டம் எத்தனை ஆண்டு உழைத்தது, அதன் உதிரிபாகம் என்ன விலைக்குக் கிடைத்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.