ஐம்பது பங்கு வேதனை

நேயர்களுக்கு வணக்கம்.

சத்யஜித் ரே என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். கதையும் எழுதினார் என்றால், "ஓ, ஃபெலுடாவா?" என்பார்கள். துப்பறியும் ஃபெலுடா ஒரு பக்கம் இருக்கட்டும். இன்று பேச எடுத்துக்கொண்டது அவருடைய சிறுகதைகளை. முதல் தொகுப்பு 1970-ல் வங்காளியில் வந்தது. 'ஏக் டஜன் கப்போ' என்று பேர். மொத்தம் பன்னிரண்டு கதை. அடுத்தது 'ஆரோ ஏக் டஜன்'. அதிலும் ஒரு டஜன்தான். மனிதர் கணக்கு மாற்றவே இல்லை.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு சிறுவர் பத்திரிகைக்காக எழுதியவை. 'சந்தேஷ்' என்கிற அந்தப் பத்திரிகையை 1913-ல் தொடங்கியவர் ரேயின் தாத்தா உபேந்திரகிஷோர். பிறகு அப்பா சுகுமார் ரே நடத்தினார். இடையில் நின்றுபோனது. 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து ரே அதைத் திரும்ப ஆரம்பித்தார். பத்திரிகை நடத்தினால் மாதா மாதம் பக்கம் நிரப்ப வேண்டுமே! எழுத உட்கார்ந்தார். படமும் அவரே போட்டார்.

சிறுவர் கதை என்றவுடன் தள்ளிவிடாதீர்கள். கதாநாயகர்கள் எல்லாம் யார் தெரியுமா? ஐம்பது வயதுக்காரர்கள், குமாஸ்தாக்கள், தனிக்கட்டைகள், பள்ளிக்கூட வாத்தியார்கள். தாம்பரம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கி வழிகிற ஆள் இருக்கிறாரே, அவரேதான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கதை எடுத்துக்கொள்கிறேன். 'பட்டோல் பாபு, ஃபிலிம் ஸ்டார்'. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் சில வருஷம் பாடமாகக்கூட இருந்தது. கோடம்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பட்டோல் பாபுவுக்கு வயது 52. குள்ளம், வழுக்கை. ஒரு காலத்தில் மேடை நாடகம் என்றால் உயிர். காஞ்சராபாராவில் ரயில்வே தொழிற்சாலையில் வேலை. கல்கத்தாவில் இன்னும் நல்ல வேலை கிடைத்தது, வந்தார். யுத்த காலத்து ஆட்குறைப்பில் அது போனது. கடை வைத்துப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக அலைந்தார். எதுவும் நிலைக்கவில்லை. நடிப்பு எங்கேயோ பின்னால் போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஒரு சினிமா சான்ஸ் வருகிறது.

மறுநாள் காலை நடுத்தெருவில் ஷூட்டிங். கேமரா, கூட்டம், காத்திருப்பு. நம் வடபழனியில் துணை நடிகர்கள் காத்துக் கிடப்பார்களே, அதே காத்திருப்பு. "எனக்கு டயலாக் என்ன?" என்று கேட்கிறார். ஒரு காகிதத்தில் எழுதித் தருகிறார்கள். ஒரே எழுத்து. 'ஆ!' அவ்வளவுதான். தெருவில் போகும்போது ஹீரோ வந்து மோதுவார், இவர் 'ஆ' என்று சொல்லிவிட்டு நடந்துபோக வேண்டும்.

நான் சொல்ல வந்த விஷயமே இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகவே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவருக்கு அவமானம். கேலி செய்கிறார்களோ என்று தோன்றுகிறது. அப்புறம் பழைய நாடக குரு கோகோன் பாக்ராஷி ஞாபகத்துக்கு வருகிறார். எவ்வளவு சின்ன வேஷமானாலும் அதில் இழிவு இல்லை, ஒவ்வொரு வசனத்துக்குள்ளும் இருக்கிற சாற்றைப் பிழிந்து எடுப்பது உன் வேலை என்று சொல்லிக்கொடுத்தவர். பட்டோல் பாபு ஒரு சந்துக்குள் ஒதுங்கி, அந்த ஒற்றை எழுத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறார். கிள்ளினால் வருகிற 'ஆ' வேறு. வெயிலில் ஜில்லென்று சர்பத் குடித்தால் வருகிற 'ஆ' வேறு. ஏளனத்தில் ஒன்று, பெருமூச்சில் ஒன்று.

வானொலி கேட்கிற நீங்களும் இப்போதே சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு, கையில் ஒரு செய்தித்தாள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவரே யோசனை சொல்கிறார். வேடிக்கை பார்க்கிறவரிடம் ஒரு பேப்பர் வாங்கித் தருகிறார்கள். ஒட்டு மீசையும் வருகிறது. டேக். நெற்றியும் நெற்றியும் உண்மையாகவே இடித்துக்கொள்கின்றன. ஒரு கணம் உலகமே இருட்டுகிறது. அந்த வலியிலும் மனிதர் ஐம்பது பங்கு வேதனை, இருபத்தைந்து பங்கு ஆச்சரியம், இருபத்தைந்து பங்கு எரிச்சல் என்று அளந்து கலந்து 'ஆ' என்கிறார். கஷாயத்துக்குச் சரக்கு நிறுக்கிற மாதிரி! நடிகர்களை வேலை வாங்கத் தெரிந்த ஓர் இயக்குநரால்தான் இந்த விகிதத்தை எழுத முடியும். சம்பளம் வாங்கினாரா, இல்லையா? அதைச் சொல்ல மாட்டேன். படியுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதையில் எல்லோரும் சறுக்குகிற இடம் இரண்டு. கடைசி 'ஆ'வை முழு வேதனையாகக் கத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆச்சரியமும் எரிச்சலும் அடிபட்டுப்போகும். தொண்டையில் வலியோடு ஆரம்பித்து, முடிவில் லேசாகக் குரலைத் தூக்கி, சட்டென்று நறுக்குங்கள். இன்னொன்று, முதல் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிடுவது. போன வேலைகள், மூடிய கடை இதெல்லாம் எதற்கு என்று நேரே ஷூட்டிங்குக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். அந்தப் பக்கங்கள் இல்லையென்றால் 'ஆ' வெறும் சத்தம். வேலை போன கதை தெரிந்தவருக்குத்தான் அந்த ஓர் எழுத்துக்காக இவர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று புரியும்.

ரேயின் பேய்க் கதைகளுக்கும் இதே விதிதான். ஊர், விடுதி, சாப்பாடு, மரம் எல்லாவற்றையும் முதலில் சர்வ சாதாரணமாக அடுக்குவார். 'ஃப்ரிட்ஸ்' என்ற கதையில் ராஜஸ்தானத்து பூந்தி ஊர், சர்க்யூட் ஹவுஸ் என்கிற அரசு விடுதி, ஒரு தேவதாரு மரம், சின்ன வயசில் தொலைத்த ஒரு பொம்மை. பாதிக் கதைவரை பயப்பட ஒன்றுமே இருக்காது. வாசிக்கிறவர் அங்கேயே குரலைத் தாழ்த்திப் பயமுறுத்த ஆரம்பித்தால் போச்சு. கடைசி வரி வரைக்கும் ரேஷன் கார்டு விவரம் படிக்கிற குரலிலேயே போங்கள். நிமிடத்துக்கு நூறு வார்த்தை, அதற்கு மேல் வேண்டாம்.

ரயில் பெட்டியில் நடக்கிற 'பாரின் பௌமிக்' கதை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கடிகாரம் காட்டுகிறார்கள். அந்தக் கதையிலும் ஒரு கடிகாரம்தான் விவகாரம், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். 'ககம்' என்ற கதை பற்றி ஒரு வாக்கியம்: பரத்பூர், ஒரு சாமியார், அவர் வளர்க்கிற நாகம். வாசிக்கும் முன் மகாபாரதம் ஆதி பர்வத்தில் ககமர் என்கிற முனிவர் தன் நண்பனைப் பாம்பாகச் சபித்த பகுதியைப் பார்த்துவிடுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 'ககம்' கதையை ராத்திரியில் வாசிக்காதீர்கள், பகலில் வாசியுங்கள். வணக்கம்.