ஓடாத நேரத்துக்கும் பயிற்சி வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

ஹூட் டு கோஸ்ட் தொடரோட்டத்துக்கு முதல்முறையாக அணி சேர்த்திருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உற்சாகம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அதனால் நேராகக் காரியத்துக்கு வந்துவிடுகிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹூட் மலையின் மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ் வாசலில் ஓட்டம் தொடங்குகிறது. போர்ட்லண்ட் நகரத்தைக் கடந்து, கடலோர மலைத்தொடரில் ஏறி இறங்கி, பசிபிக் கரையில் சீசைட் என்ற ஊரின் மணலில் முடிகிறது. தூரம் சுமார் 320 கிலோமீட்டர். 1982இல் பாப் ஃபூட் என்பவர் எட்டே அணிகளுடன் ஆரம்பித்தது. இன்று ஆகஸ்ட் கடைசியில் ஆயிரம் அணிகளுக்கு மேல் அந்தச் சாலையில் இறங்குகின்றன. அணிக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு வேன். மொத்தத் தூரம் 36 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஆளுக்கு மூன்று கட்டம். முதல் ஆறு பேர் ஒரு வேனில், அடுத்த ஆறு பேர் இன்னொரு வேனில். ஒருவர் ஓடி முடித்து, மணிக்கட்டில் தட்டினால் சுருண்டுகொள்ளும் பட்டையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வரிசை மாறாது: ஐந்தாம் ஆள் 5, 17, 29 ஆகிய கட்டங்களை ஓடுவார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற சராசரி வேகத்தில் ஓடும் அணிக்கு மொத்தம் 32 மணி நேரம் ஆகும். ஒரு கட்டம் சராசரியாக 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது 53 நிமிடம். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து உங்கள் கால் உண்மையில் ஓடுவது 2 மணி 40 நிமிடம்தான். மீதி 29 மணி நேரத்துக்கு மேல் வேனிலும், புல்வெளியிலும், கழிப்பறை வரிசையிலும் போகிறது. அந்த நேரத்தை ஒழுங்காகக் கழித்தவர்கள் மூன்றாவது கட்டத்தை ஓடி முடிக்கிறார்கள். கழிக்கத் தெரியாதவர்கள் நடந்து முடிக்கிறார்கள். என் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான்.

முதலில் யாருக்கு எந்த எண் என்பது. பெரும்பாலான புதிய அணிகள் வேகமான ஆளை முதலாவதாக நிறுத்துகின்றன. டிம்பர்லைனிலிருந்து இறங்கும் அந்த முதல் கட்டம் ஒன்பது கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 2,000 அடி இறங்குகிறது. பார்க்கச் சுகமாக இருக்கும், மூச்சே வாங்காது. ஆனால் இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போது தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி உடனே தெரியாது. மெதுவாக ஏறி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். அந்த ஆளின் இரண்டாவது ஓட்டம் பத்து மணி நேரத்தில் வந்துவிடும், மூன்றாவது அதற்கு அடுத்த பத்து மணி நேரத்தில். ஆகவே முதல் எண்ணுக்கு வேகத்தைப் பார்க்காதீர்கள், இறக்கத்தில் ஓடிப் பழகிய தொடையைப் பாருங்கள். போட்டிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு இரண்டு தடவை நீண்ட இறக்கத்தில் ஓடியிருந்தால் போதும், தசை அந்த அடியை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை குறைவாகக் கிழிபடும். ஓடும்போது எட்டு வைப்பதைக் குறுக்கி, அடி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். குதிகாலை முன்னே ஊன்றிப் பிரேக் போட்டால் அன்றிரவே வேனின் படியில் இறங்க முடியாது.

அடுத்தது நேரப் பட்டியல். பதிவு செய்யும்போது அணியின் வேகத்தைக் கேட்பார்கள். அதை வைத்துத்தான் புறப்படும் நேரம் கொடுக்கிறார்கள். மெதுவான அணிகள் வெள்ளி அதிகாலையிலேயே கிளம்பும், வேகமானவை பிற்பகலில். இங்கே கௌரவம் பார்த்து ஒவ்வொருவரும் கிலோமீட்டருக்குப் பத்து வினாடி குறைத்துச் சொன்னால், 320 கிலோமீட்டரில் அது 53 நிமிடம். ஒரு முழுக் கட்டத்தின் நேரம். அதன் பலன் என்ன தெரியுமா? நள்ளிரவில் இரண்டாவது வேனின் ஆறு பேரும் தூக்கத்தைக் கலைத்து எழுந்து, குளிரில் ஏறத்தாழ அரை மணி நேரம் நின்றுகொண்டிருப்பார்கள். பகலில் பத்து கிலோமீட்டர் ஓடும் வேகத்தை முதல் கட்டத்துக்கு அப்படியே எழுதுங்கள். இரண்டாவதற்குக் கிலோமீட்டருக்கு 15 வினாடியும், மூன்றாவதற்கு 30 வினாடியும் கூட்டிக்கொள்ளுங்கள். கைமாற்றும் இடத்துக்கு இடம் உண்மையான நேரத்தைப் பட்டியலில் பேனாவால் எழுதி, அடுத்த நேரங்களைத் திருத்திக்கொண்டே வாருங்கள். பட்டியல் கட்டாயம் காகிதத்தில் இருக்கட்டும். போர்ட்லண்ட் தாண்டிக் கடலோர மலைக்குள் நுழைந்தபின் நெடுந்தூரம் கைப்பேசியில் சிக்னல் கிடைக்காது. 'வந்ததும் கூப்பிடு' என்று பேசி வைத்த அணிகள்தான் மிஸ்ட் என்ற சிற்றூர்ப் பக்கத்துக் காட்டுச் சாலையில் ஒன்றையொன்று தேடி அலைகின்றன.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; பத்து கிலோமீட்டர் நிதானமாக ஓடுபவருக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்றை மட்டும் செய்யுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் இரண்டு வார இறுதிகளில், சனிக்கிழமை காலை எட்டு கிலோமீட்டர், அன்று மாலை எட்டு, பிறகு அலாரம் வைத்து இரவு இரண்டரை மணிக்கு எழுந்து ஆறு. அந்த மூன்றாவது ஓட்டம்தான் பாடம். அரைத் தூக்கத்தில் கால் எப்படி இருக்கிறது, வயிறு எதை ஏற்கிறது, விளக்கு எங்கே உறுத்துகிறது என்று எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

விளக்கு என்றதும் ஒரு விஷயம். இரவில் நெற்றி விளக்கு, ஒளியைத் திருப்பியடிக்கும் மேலங்கி, முதுகில் மினுக்கும் சிறு விளக்கு, இவை இல்லாமல் ஓடவும் கூடாது, வேனைவிட்டு இறங்கவும் கூடாது. எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்பது அந்த ஆண்டுக் கையேட்டில் இருக்கும். ஆனால் நெற்றி விளக்கை மட்டும் நம்பினால் ஒரு தொல்லை உண்டு. விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், சாலையிலுள்ள மேடு பள்ளத்தின் நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. தரை முழுக்கச் சமமாக, தட்டையாகத் தெரியும். ஒரு கையளவுப் பள்ளம்கூடக் கண்ணில் படாது. அதே வெளிச்சத்தை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் பின்னால் நீளமாக நிழல் விழும், பள்ளம் கறுப்பாகத் தெரியும். எனவே இடுப்புப் பட்டையில் ஒரு விளக்கு அல்லது கையில் ஒரு சிறு டார்ச். எதிரே வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசினால் விளக்கைப் பார்க்காமல் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். சில கட்டங்கள் சரளைச் சாலை. நூற்றுக்கணக்கான வேன்கள் போகும்போது எழும் தூசியில் வெளிச்சம் மூடுபனிபோலத் திரும்பி அடிக்கும். அப்போதும் தாழ்வாகப் பிடித்த விளக்குதான் கைகொடுக்கும். மூக்கை மூட ஒரு மெல்லிய துணி கழுத்தில் இருக்கட்டும்.

இருட்டில் இன்னொரு குழப்பம்: எல்லாருடைய மேலங்கியும் ஒரே மாதிரி மின்னும், எண் படிக்க முடியாது. அணிக்கென்று ஓர் அடையாளம் வையுங்கள். மார்பில் இரண்டு பச்சை விளக்கு என்று முடிவு செய்தால் நூறு மீட்டர் முன்னாலேயே அடுத்தவர் தயாராகிவிடலாம்.

இனி வேனுக்குள் வருவோம். இங்கேதான் ஓட்டம் கெட்டுப்போகிறது.

ஓடி முடித்தவர் நேராக வந்து இருக்கையில் விழுவார். அப்படி விழக் கூடாது. ஐந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஈர உடையை அங்கேயே மாற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். உட்கார்ந்தபடி இருக்கும்போது இடுப்பின் முன்தசையும் தொடையின் பின்தசையும் சுருங்கிய நிலையிலேயே குளிர்ந்துவிடுகின்றன. மூன்றாவது கட்டத்தின் முதல் கிலோமீட்டரில் மரக்கால்போல இருப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் வேன் ஓடும் நேரத்தில் ஒவ்வொரு கைமாற்றும் இடத்திலும் எல்லாரும் இறங்குங்கள். உடைகளை மூன்று பெரிய ஜிப் பைகளில் 1, 2, 3 என்று எழுதிப் பிரித்து வையுங்கள். பனியன், கால்சட்டை, உள்ளாடை, காலுறை எல்லாம் ஒரே பையில். ஈர உடை அதே பைக்குள் போய் ஜிப் மூடப்பட வேண்டும். ஆறு பேரின் வியர்வைத் துணி பன்னிரண்டு மணி நேரம் திறந்து கிடந்தால் வேனுக்குள் யாராலும் சாப்பிட முடியாது. காலணி இரண்டு ஜோடி. மலையில் காலைக் குளிர், போர்ட்லண்டில் பிற்பகல் வெயில், கடற்கரையில் மூடுபனி, எல்லாம் ஒரே பயணத்தில் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

சாப்பாடு. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. 60 கிலோ எடைக்கு 60 கிராம்: ஒரு கிண்ணம் சோறும் ஒரு சிறு வாழைப்பழமும் சரியாக இருக்கும். தயிர் சாதம் நல்லதுதான், ஐஸ் பெட்டியில் இருந்தால். வெயிலில் நின்ற வேனுக்குள் மாலைக்குள் புளித்துவிடும். இட்லியில் மிளகாய்ப் பொடியைக் குறைத்து எடுத்துப்போவது இன்னும் பாதுகாப்பு. சுண்டல், பச்சைக் காய்கறி, எண்ணெய்ப் பண்டம், பீட்சா எல்லாம் சீசைட் போன பிறகு. அடுத்த ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே பெரிய சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். புதிதாக எதையும் அன்று சோதிக்காதீர்கள். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருக்காமல் உப்பும் சேருங்கள்.

காபி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடித்த காபியின் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். முதல் கட்டம் முடிந்த களைப்பில் மாலை ஐந்து மணிக்கு ஒரு கப் குடித்தால், இரவு பத்து மணிக்குக் கிடைக்கும் தூக்கத்தை அதுவே தின்றுவிடும். இரவுக் கட்டத்துக்கு முக்கால் மணி முன்பு வரை காபியைத் தள்ளிவையுங்கள்.

தூக்கம் எவ்வளவு கிடைக்கும்? அடுத்த வேன் ஆறு கட்டம் ஓட 5 மணி 20 நிமிடம். அதில் சாப்பாடு, அடுத்த இடத்துக்குப் பயணம், வண்டி நிறுத்த வரிசை, எழுந்து தயாராவது எல்லாம் போக இரண்டு மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். ஆகவே முதலில் அடுத்த இடத்துக்குப் போய்விட்டு, பிறகு தூங்குங்கள். இருக்கும் இடத்திலேயே தூங்கிவிட்டுப் பிறகு கிளம்பலாம் என்றால், வேன் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். வழியில் வரும் செயின்ட் ஹெலன்ஸ் ஊரிலும் மிஸ்ட் பக்கத்திலும் திறந்த வெளியில் படுக்க இடம் உண்டு. பனி கொட்டும், கீழே ஒரு தார்ப்பாய், மேலே தூக்கப்பை. வண்டிகளுக்கு நடுவில், வண்டி ஏறி இறங்கும் புல்தரையில் தயவுசெய்து யாரும் படுக்காதீர்கள். இருட்டில் பின்னால் எடுக்கும் ஓட்டுநருக்குத் தரையில் கிடக்கும் மனிதர் தெரிய மாட்டார். எழுந்த உடனே ஓடவும் முடியாது. மூளை தெளிய அரை மணியாவது வேண்டும். ஓட்டத்துக்கு முக்கால் மணி முன்பு எழுப்புங்கள். இறங்கியதும் முதல் வேலை கழிப்பறை வரிசையில் நிற்பது. அங்கே பேப்பர் தீர்ந்திருக்கும், உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

கைமாற்றும் இடத்துக்கு முன்னால் வேன்கள் நகராமல் நின்றுவிட்டால், அடுத்து ஓட வேண்டியவரும் துணைக்கு ஒருவரும் மேலங்கியும் விளக்குமாக இறங்கிச் சாலை ஓரமாக நடந்து போய்விடட்டும். ஓடி வந்தவர் பட்டையை வைத்துக்கொண்டு ஆள் இல்லாமல் நிற்பதுதான் இந்தப் போட்டியில் மிக அதிகமாக நேரம் கரையும் இடம். இன்னொன்று, கேட்கச் சின்னதாக இருக்கும்: வேன் சாவி. ஓட்டி வந்தவர் அவசரத்தில் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டபடியே தன் கட்டத்தை ஓடக் கிளம்பிவிடுவார். ஆறு பேரும் பூட்டிய வேனுக்கு வெளியே. சாவியை ஒரு நீளக் கயிற்றில் கட்டி, ஓடி முடித்தவர் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அவர்தான் அடுத்து ஓடுவதற்கு அதிக நேரம் இருப்பவர்.

ஆனால் வேனையும் அவரே ஓட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், இந்தப் போட்டியின் மிகப் பெரிய ஆபத்து விடியற்காலை நான்கு மணிக்குத் தூங்காத ஓட்டுநர்தான். உடல் வெப்பம் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இரண்டு மூன்று பெக் குடித்தவர் அளவுக்குத் தடுமாறும். ஓடாத ஓட்டுநர் ஒருவரை வேனுக்கு ஒருவராகக் கூட்டிப்போக முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால் இரண்டு பேர் பெயரை முன்கூட்டியே எழுதி, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கட்டாயம் தூங்க வேண்டும், முன் இருக்கையில் இன்னொருவர் பேச்சுத் துணைக்கு விழித்திருக்க வேண்டும் என்று வையுங்கள்.

மூன்றாவது கட்டத்துக்கு முன் பத்து நிமிடம் நடை, ஐந்து நிமிடம் மெல்லோட்டம். முதல் கிலோமீட்டரை வழக்கத்தைவிட 40 வினாடி மெதுவாகத் தொடங்குங்கள். இரண்டாவது கிலோமீட்டரில் கால் தானாக இளகும். முழங்காலிலோ குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணிலோ குத்துகிற மாதிரி ஒரே இடத்தில் வலித்தால் நிறுத்திவிடுங்கள். ஓட முடியாதவரின் கட்டத்தை யார் எடுக்கலாம் என்பதற்குக் கையேட்டில் விதி இருக்கிறது. கேப்டன் அதை வீட்டிலேயே படித்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வேன் 30ஆம் கட்டத்தோடு ஓடி முடித்துவிடும். நேரே சீசைட் போய் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், ஊருக்குள் இடம் கிடைக்காது. பன்னிரண்டாம் ஆள் மணலுக்கு வரும்போது மற்ற பதினொருவரும் சேர்ந்து எல்லையைத் தாண்டுவது வழக்கம். இரண்டாவது வேனிலிருந்து ஐந்து பேர் கடைசி நிமிடத்தில் ஓடி வருவார்கள் என்பதால், சந்திக்கும் இடத்தை முந்தின நாளே குறித்துவிடுங்கள். அன்று இரவே போர்ட்லண்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். பதிவு உறுதியான அன்றே கடற்கரைப் பக்கம் அறையைப் பிடித்துவிடுங்கள். ஆகஸ்டில் தேடினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.