பருப்பு ஏன் வேகவில்லை?

(எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் குறிப்புகள் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். அதைவிட அதிக வருடம் அடுப்படியில் நின்றிருக்கிறேன். இந்த இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் என்பது எனக்குப் பிடிபட வெகு நாள் ஆயிற்று. பிடிபட்ட பிறகு வீட்டு வேலை பாதி சுலபமானது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். மேசைமேல் சில சாமான்கள் வைத்திருக்கிறேன், பாருங்கள். அரை மூடி எலுமிச்சம்பழம், கறுத்துப்போன ஒரு பித்தளைச் சொம்பு, வெள்ளைத் துணித்துண்டு இரண்டு, மூடி போட்ட டப்பா ஒன்று. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் பருப்பு. ஊருக்கு வெளியே புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரம். எப்போதும் வாங்கும் கடையில் வாங்கிய துவரம்பருப்பு, எப்போதும் வைக்கும் குக்கர். ஆறு விசில் விட்டுத் திறந்தால் பருப்பு தனித்தனியாக முழித்துக்கொண்டு கிடக்கிறது. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்குக் கோபம். என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி உப்பும்மா. குடிக்கிற தண்ணியில வேக வச்சுப் பாரு" என்றார். மறுநாள் அப்படியே செய்தேன். மூன்றே விசிலில் குழைந்துவிட்டது.

அவருக்கு அது அனுபவம். எனக்கோ அன்று ராத்திரி வரை அதே யோசனை. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அந்தப் பசை இளகினால்தான் பருப்பு குழையும். கால்சியம் போய் அந்தப் பசையோடு சேர்ந்துகொண்டால் அது இறுகிவிடுகிறது, இளக மறுக்கிறது. காரணம் அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டதும் இன்னொன்றும் விளங்கியது. சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும் என்று அம்மா ஏன் அத்தனை கண்டிப்பாகச் சொன்னாள்? புளிப்பும் அந்தப் பசையை இளகவிடாது. தக்காளியை முதலிலேயே பருப்போடு நிறையப் போட்டாலும் இதே கதைதான். உருளைக்கிழங்கும் புளித்தண்ணீரில் வேக அடம்பிடிக்கும்.

அதனால் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் குடிக்கிற தண்ணீர். ஊற வைப்பதற்கும் அதே தண்ணீர்தான். துவரம்பருப்பு அரை மணி நேரம் ஊறினால் போதும். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் ராத்திரியே ஊறப் போட்டுவிட வேண்டும். சிலர் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடுவார்கள். சீக்கிரம் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் பருப்பில் உள்ள பி1 வைட்டமின் சோடாவில் அழிந்து போகும். நல்ல தண்ணீர் கையில் இருக்கும்போது சோடா எதற்கு?

இன்னொரு விஷயம், விசில். நம் வீடுகளில் விசிலை எண்ணித்தான் சமைக்கிறோம். பருப்பை வேக வைப்பது உள்ளே இருக்கும் சூடு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நீங்கள் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. அந்தச் சூடு வந்த பிறகு அடிக்கிற ஒவ்வொரு விசிலும் மிச்சமான ஆவி வெளியே போவதுதான். நாம் காசு கொடுத்து வாங்கிய கேஸ் அந்த வழியாகக் காற்றில் கலக்கிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வையுங்கள். ஊறிய துவரம்பருப்புக்கு அதிலிருந்து எட்டு பத்து நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் தானாக இறங்கும் வரை உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும், அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீர்கள். கீரைக்கும் காய்க்கும்கூட இதே கணக்குதான். கொதி வந்துவிட்டதா? தீயைக் குறைத்து, தட்டுப் போட்டு மூடுங்கள்.

புளிப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதை இன்னும் கொஞ்சம் பின்தொடர்ந்து போவோம். வீட்டில் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிற பொருள் அது.

இந்தச் சொம்பைப் பாருங்கள். ஒரு வருடமாகப் பரணில் கிடந்தது. இந்த ஒரு பக்கத்தில் மட்டும் எலுமிச்சை மூடியைக் கல் உப்பில் தொட்டுத் தேய்க்கிறேன். பார்த்தீர்களா, தேய்த்த இடம் மட்டும் பொன்னாக வருகிறது. கறுப்பாகத் தெரிவது பித்தளையில் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து உண்டான படலம். அமிலம் அதைக் கரைத்து எடுத்துவிடுகிறது. கார்த்திகைக்கு முந்தின நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதுவும் இதுதான். தேய்த்ததும் நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் இல்லாமல் வைக்க வேண்டும். புளியோடு அப்படியே விட்டால் மறுநாள் பச்சை பூத்துவிடும்.

சரி, பருப்பை வேகவிடாத அதே உப்புத் தண்ணீர் குழாயிலும் ஷவரிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதை என்ன செய்வது? கத்தியால் சுரண்டாதீர்கள், பளபளப்புப் பூச்சு போய்விடும். அந்த வெள்ளைப் படிவில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் உறவு. அதையும் புளிப்பு கரைக்கும். பிழிந்து முடித்த எலுமிச்சை மூடியைக் குழாயின் வாயில் கவிழ்த்து, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். ஷவர் என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகர் ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி கட்டிவிடலாம். தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலுக்கும் இதே வைத்தியம்தான்.

காரணம் தெரிந்தால் எங்கே செய்யக் கூடாது என்பதும் தெரியும், அதுதான் முக்கியம். சுண்ணாம்பைக் கரைக்கிற பொருள் சுண்ணாம்புக் கல்லை விட்டு வைக்குமா? மார்பிள் தரையும் கடப்பா கல் மேடையும் சுண்ணாம்புக் கல் இனம். அதன்மேல் எலுமிச்சையோ வினிகரோ பட்டால் பளபளப்பு போய் மங்கிய தழும்பு விழும், துடைத்தால் போகாது. கிரானைட் ஓரளவு தாங்கும். சமையல் மேடை எந்தக் கல் என்று தெரிந்துகொண்டு, பிறகு தேயுங்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயம், வீடு சுத்தம் செய்துகொண்டிருந்தேன். குளியலறைத் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தேன். கறை போகவில்லை. அலமாரியில் கழிப்பறை கழுவுகிற ஆசிட் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு வெள்ளை வரும் என்ற நினைப்பில் அதையும் அதன்மேல் ஊற்றிவிட்டேன். ஒரு நொடிதான். தொண்டையில் கத்தி வைத்தாற்போல் ஒரு நெடி, கண்ணில் எரிச்சல், மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. கதவு பக்கத்தில் இருந்ததால் வெளியே வந்து விழுந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து இருமிக்கொண்டே யோசிக்கிறேன், வகுப்பில் நானே கரும்பலகையில் எழுதிய சமன்பாடு அது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் மாதம், ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு.

படித்தவளுக்கே அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அப்படியிருக்க, எத்தனை வீடுகளில் இந்த இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன! வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் கையில் நாம் இரண்டையும் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருக்கிறோம். அது பெரிய தவறு. பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ, எதுவாக இருந்தாலும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதனோடும் சேர்க்கக் கூடாது. ஒருநாள் ஒன்று, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மறுநாள் வேண்டுமானால் மற்றது. தப்பித் தவறிச் சேர்ந்துவிட்டால் அதைக் கழுவப் போகாதீர்கள், உடனே வெளியே வந்துவிடுங்கள். ஜன்னல், கதவு திறந்து காற்றாடட்டும். மூச்சு சிரமமாக இருந்தால் டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம். எங்கள் வீட்டில் அன்றைக்கே ஆசிட் பாட்டில் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் இந்தத் துணித்துண்டுகள். இரண்டிலும் நேற்று ராத்திரி ஒரே சாம்பாரைத்தான் ஒரே அளவு ஊற்றினேன். என் பையன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெள்ளைச் சட்டையில் தினமும் இந்தக் கறை வரும். சோப்பு போட்டதும் மஞ்சள் போய் ரத்தச் சிவப்பாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது சட்டை பாழாகிவிட்டது என்றே நினைத்தேன். மஞ்சளில் உள்ள நிறப்பொருளான குர்குமின், சோப்பில் உள்ள காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிர்க்குணம் உள்ளது) பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதேதான் சட்டையிலும் நடக்கிறது. சோப்பு போக அலசினால் மறுபடி மஞ்சளாகும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், வெயிலில் காய வைப்பது. குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, சிதைந்துவிடும். ஒரு துண்டைத் துவைத்து இன்று காலை மொட்டை மாடிக் கொடியில் போட்டேன். இன்னொன்றையும் அப்படியே துவைத்து, வீட்டுக்குள் நிழலில் காய வைத்தேன். இரண்டையும் பிடித்துக் காட்டுகிறேன், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியும். கொடியில் கிடந்ததில் கறை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இதற்கு நான் செலவழித்தது ஒன்றுமில்லை. ஆனால் சாயத் துணியையும் பட்டையும் இப்படிக் கடும் வெயிலில் போடாதீர்கள், கறையோடு சேர்ந்து சாயமும் வெளுத்துவிடும். ரத்தம், பால், முட்டைக் கறை என்றால் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

சின்னச் சின்னதாக இரண்டு மூன்று சொல்லிவிட்டுக் கடைசி விஷயத்துக்கு வருகிறேன். வாழைக்காய், கத்தரிக்காய், வாழைத்தண்டு நறுக்கினால் மோர்த்தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. உருளைக்கிழங்கை இருட்டான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்ட கிழங்கு உடம்புக்கு ஆகாது. மண்பானையைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். அதன் நுண்துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. துளையை அடைத்தால் அது வெறும் பாத்திரம். காற்று வரும் இடத்தில் ஈர மணல்மேல் வையுங்கள். மதுரை வெயிலில் குளிர்கிற அளவுக்குச் சென்னைப் புழுக்கத்தில் குளிராது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் பானைத் தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்?

கடைசியாக வண்டு. அரிசி மூட்டையைப் பத்திரமாகத்தான் கட்டி வைத்தோம், எப்படி உள்ளே வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலும் அது வெளியிலிருந்து வருவதில்லை. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். வாங்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. வசம்பும் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் புதிதாக வருகிற பூச்சியை ஓரளவு விரட்டும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. வேப்பிலை போட்டால் நன்றாகக் காய்ந்ததைப் போடுங்கள், ஈர இலையால் பூஞ்சணம்தான் வரும். வண்டு வந்துவிட்ட அரிசியைக் கொளுத்தும் வெயிலில் பரப்பினால் அரிசி விரிசல் விட்டுச் சோறு குழையும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லியதாகப் பரப்பிப் புடைப்பது நல்லது. ரவையை வாங்கியதும் லேசாக வறுத்து ஆற வைத்து மூடுங்கள், இல்லையென்றால் நாலைந்து நாள் ஃபிரீசரில் வையுங்கள். நிறைய அரிசி வைத்திருப்பவர்களுக்குக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பூச்சிப் பொறி உருவாக்கியிருக்கிறது. துளைகள் போட்ட குழாய் ஒன்றை அரிசிக்குள் செருகி வைக்க வேண்டும். உள்ளே திரிகிற வண்டு துளை வழியாக விழுந்து கீழே மாட்டிக்கொள்ளும், மருந்து எதுவும் கிடையாது.

பருப்பு வண்டின் குணம் வேறு. அது முட்டையைத் தானியத்தின் மேல்தோலில் ஒட்டி வைக்கும். அங்கேதான் நமக்கு வழி கிடைக்கிறது. என் அம்மா வருடத்துக்கு வேண்டிய துவரையை மொத்தமாக வாங்கி, கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பாள். எண்ணெய்ப் படலம் முட்டையை மூடிவிடும், உள்ளே மூச்சு போகாது. முட்டை பொரிக்காது. ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 5 மில்லி போதும். ஊற்றியதும் ஒவ்வொரு மணியிலும் படும்படி கையால் நன்றாகப் புரட்ட வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. சமைக்கும்போது கழுவினால் வாடையே தெரியாது.

இந்த டப்பாவில் இருப்பது அப்படிப் பிசறிய துவரைதான், போன தையில் வைத்தது. மூடியைத் திறந்து மேசைமேல் வைக்கிறேன். கையை விட்டு அடிவரை கிளறிப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் நல்ல தண்ணீரும் போர் தண்ணீரும் தனித்தனியாகக் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஆளுக்கு ஒரு பிடி துவரை எடுத்துப்போய் இரண்டிலும் வேக வைத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம்.