பெற்றவர் ஃபிஷர், வளர்த்தது மைன்ஸ்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சதுரங்கத்தில் புதுவகை ஆட்டம் ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமே அல்ல. பலகையைப் பெரிதாக்கலாம், காயைக் கூட்டலாம், விதியைத் திருத்தலாம். அப்படிப் பிறந்து சுவடு தெரியாமல் போனவை ஏராளம். ஃபிஷர் ரேண்டம் சதுரங்கம் மட்டும் எப்படிப் பிழைத்தது? பாபி ஃபிஷரின் புகழால் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றவர் அவர்தான், வளர்த்தது ஜெர்மனியின் மைன்ஸ் நகரம்.

1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அன்றைய சாம்பியன் ஸ்பாஸ்கியை வென்று உலகச் சாம்பியன் ஆனார் ஃபிஷர். 1975-இல் தம்மை எதிர்த்து ஆட வந்த கார்போவுடன் ஆடாமலேயே பட்டத்தை இழந்தார். தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்துவந்து ஒப்பிக்கும் ஆட்டமாகச் சதுரங்கம் ஆகிவிட்டது என்பது பிற்காலத்தில் அவருடைய ஓயாத புகார். அதற்கு மாற்றாக ஒரு புதிய ஆட்டத்தை 1996 ஜூன் 19 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் அறிவித்தார்.

விதி எளிது. சிப்பாய்கள் வழக்கமான இடத்தில். பின்வரிசை மட்டும் குலுக்கலில் அமையும். ஆனால் இரண்டு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வெள்ளைக்கு வந்த வரிசையே கறுப்புக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மந்திரிக்கு நான்கு இடம், மற்றதற்கு நான்கு, ராணிக்கு மீதமுள்ள ஆறு, இரு குதிரைகளுக்கும் பத்து வழி. எஞ்சிய மூன்று கட்டங்களில் யானை, ராஜா, யானை என்று ஒரே வரிசைதான். பெருக்கினால் 960. நாம் அன்றாடம் ஆடும் வரிசை அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

ராஜாவையும் ஒரு யானையையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்தும் காஸ்லிங்தான் புதிதாக ஆடுபவரைத் திணறடிக்கும். ராஜா எந்தக் கட்டத்திலிருந்து புறப்பட்டாலும், காஸ்லிங் முடிந்ததும் ராஜாவும் யானையும் வழக்கமான கட்டங்களில்தான் போய் நிற்க வேண்டும். ராஜா ஒரே தாவலில் பலகையின் பாதியைக் கடப்பதும் உண்டு. யானை மட்டும் நகர, ராஜா நின்ற இடத்திலேயே நிற்பதும் உண்டு!

முதல் போட்டி அதே 1996-இல் யூகோஸ்லாவியாவின் வோய்வோதினா பகுதியில் நடந்தது. ஹங்கேரியின் பீட்டர் லேகோ பதினொரு சுற்றுகளில் ஒன்பதரைப் புள்ளி எடுத்து முதலிடம் பெற்றார். 1994-இல், பதினான்கு வயதிலேயே, அன்றைய உலகின் மிக இளைய கிராண்ட் மாஸ்டர் ஆனவர் அவர். ஆனால் அந்தப் போட்டியோடு பரபரப்பு அடங்கிவிட்டது. ஃபிஷரும் தம் ஆட்டத்தைத் தாமே ஒரு பொதுப் போட்டியில் ஆடிக் காட்டவில்லை.

அடுத்த கட்டம் மைன்ஸ். அங்கே ஹான்ஸ் வால்டர் ஷ்மிட் என்ற அமைப்பாளர் ஆண்டுதோறும் விரைவு சதுரங்க விழா ஒன்றை நடத்திவந்தார். நம் விஸ்வநாதன் ஆனந்த் பலமுறை வென்ற விழா அது. 2001-இல் அங்கே லேகோவும் இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸும் எட்டு ஆட்டங்கள் ஆடினார்கள். நாலரைக்கு மூன்றரை என்று லேகோ வென்றார். அவரை உலகச் சாம்பியன் என்றார்கள். தகுதிச் சுற்று எதுவும் இல்லை, இருவரும் அழைக்கப்பட்டவர்கள். இதில் உலகப் பட்டம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான்.

மறு ஆண்டே அதற்குப் பதில் வந்தது. 2002-இல் ஓப்பன் போட்டி, அதாவது அழைப்பு இல்லாமலே யாரும் சேரக்கூடிய போட்டி வைத்தார்கள். 131 பேர் ஆடினார்கள். ரஷ்யாவின் பீட்டர் ஸ்விட்லர் வென்றார். ஓப்பனில் வென்றவருக்கு அடுத்த ஆண்டு சாம்பியனுடன் மோதும் உரிமை கிடைத்தது. இந்த ஒரு ஏற்பாட்டைத்தான் நான் ஃபிஷரின் விதிகளுக்கு இணையாக வைப்பேன். 2003-இல் ஸ்விட்லர் லேகோவை வீழ்த்தினார்; அதே ஆண்டு ஓப்பனில் ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியன் முதலிடம். 2004-இல் ஸ்விட்லரிடம் ஆரோனியன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 2005 ஓப்பனில் திரும்பவும் எல்லோரோடும் போராடி வென்று, 2006-இல் அதே ஸ்விட்லரை ஐந்துக்கு மூன்று என்று சாய்த்தார். பட்டத்துக்கு ஒரு வழி இருந்ததால்தானே இத்தனையும்? வெறும் காட்சி ஆட்டத்துக்காக ஒருவர் இப்படித் திரும்பிவந்து மல்லுக்கட்ட மாட்டார்.

2007-இல் ஆரோனியன் ஆனந்தையே வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். 2009-இல் ஹிக்காரு நகமுரா அவரை மூன்றரைக்கு அரை என்று துடைத்தெடுத்தார். அத்துடன் மைன்ஸின் பட்டப் போட்டி நின்றது. விதிகள் இருந்தன, ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், 960 வரிசைகளும் அப்படியே இருந்தன. நடத்த ஆள் இல்லாததால் பத்தாண்டுகளுக்கு உலகப் பட்டம் என்று ஒன்றுமே இல்லை.

சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு தன் பெயரில் முதல் உலகச் சாம்பியன் போட்டியை 2019-இல்தான் நடத்தியது. தகுதிச் சுற்றுகளை இணையத்தில் வைத்து, விருப்பமுள்ள யாரும் ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். நார்வேயில் நடந்த இறுதிப் போட்டியில் வெஸ்லி சோ, சொந்த மண்ணில் ஆடிய மாக்னஸ் கார்ல்சனைப் பதின்மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளியில் தோற்கடித்தார்.